மூன்று மாதத் தேன், ஒன்பது மாதக் காவல்

மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தத் தேனைத் தரும் கூடுகளை மழைக்காலம் தாண்டி உயிரோடு வைத்திருக்கும் உழைப்புக்கு உரிய விலை இன்னும் கிடைக்கவில்லை.

தை முடிந்து மாசி பிறக்கும் நாட்களில் குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திற்பரப்பு வட்டாரங்களில் உள்ள ரப்பர் தோட்டங்களின் தோற்றம் ஓரிரு வாரங்களில் மாறிவிடுகிறது. இலை முழுவதையும் உதிர்த்து வெறுங்கொம்புகளாக நின்ற மரங்களில் செம்பு நிறத் தளிர்கள் தொங்கத் தொடங்கி, அவை நாளுக்கு நாள் பச்சையேறிவர, காலை வெயில் கிளைகளினூடே இறங்கும் வேளையில் தோட்டத்தின் தலைக்குமேல் எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத ஓர் இரைச்சல் சீராகக் கேட்கிறது. பால்வெட்டுக்காக மரத்தில் கட்டிய சிரட்டைகளுக்கு நடுவே, ஒற்றைக் கால்களின் மேல் வைக்கப்பட்ட சிறு மரப்பெட்டிகள் நிழலில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள விரல் நுழையும் அளவு வாசலில் தேனீக்கள் வயிறு புடைத்து, பறப்பின் பாரம் தாங்காமல் தடுமாறி இறங்குகின்றன. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவற்றின் பின்னங்கால்களில் பூவைத் தேடிச் சென்றதற்கு அடையாளமான மஞ்சள் மகரந்த உருண்டை இல்லை.

பூவில் பிறக்காத தேன்

ரப்பரின் இலை, ஒரே காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேர்ந்தமைந்த கூட்டிலை ஆகும். அந்த மூன்றும் காம்போடு கூடும் இடத்தில் சிறு புடைப்புகளாக மதுச் சுரப்பிகள் இருக்கின்றன. தளிர் முதிர்ந்து முழு இலையாகும் சில வாரங்களில் அவற்றிலிருந்து இனிப்பு நீர் ஊசிமுனைத் துளிகளாகக் கசிகிறது. பூவுக்குப் புறம்பே அமைந்த இத்தகைய சுரப்பிகள் பல தாவரங்களில் உண்டு. எறும்புகளை வரவழைத்து இளம் இலையைப் புழுபூச்சியிடமிருந்து காத்துக்கொள்வது அவற்றின் பொதுவான பயனாகக் கருதப்படுகிறது. அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் ஒன்றின் இலைக்காம்பும், இந்த மண்ணிலேயே தோன்றிய இந்தியத் தேனீயும் குமரியின் தோட்டங்களில் சந்தித்ததன் விளைவுதான், மார்த்தாண்டம் என்ற ஊர்ப்பெயரோடு இன்று நாடெங்கும் விற்கப்படும் தேனில் பெரும்பகுதி.

இந்தச் சந்திப்பு தேனை அள்ளித் தருகிறது. ஆனால் தேனீக்குத் தேவையான எல்லாவற்றையும் தருவதில்லை. தேன் என்பது பறப்பதற்கும் கூட்டின் வெப்பத்தைக் காப்பதற்கும் செலவாகும் சர்க்கரைச் சத்து. புழுக்களை வளர்ப்பதற்கான புரதமோ மகரந்தத்திலிருந்து மட்டுமே கிடைக்கிறது. இலைக்காம்பில் மகரந்தம் இல்லாததால், தென்னை, வீட்டுத்தோட்டத்துப் பூச்செடிகள், வேலியோரக் களைகள் ஆகியவற்றைத் தேடித் தேனீ தனியே அலைய வேண்டியிருக்கிறது. எனவே ரப்பர் மட்டுமே நிறைந்த நிலத்தின் நடுவே வைத்த பெட்டியைக் காட்டிலும், தோட்டமும் புரையிடமும் கலந்த எல்லையில் வைத்த பெட்டி வலுவாக இருக்கும் என்பதைத் தேனீ வளர்ப்போர் அனுபவத்தில் அறிந்திருக்கின்றனர். புரையிடம் என்பது வீட்டைச் சூழ்ந்து தென்னை, மா, பலா, வாழை ஆகியவை ஒன்றாக நிற்கும் நிலத்துக்குக் குமரி வழக்கில் உள்ள பெயர்.

சுரக்கும் இனிப்பு நீரில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான். அதைத் தேன்பையில் சுமந்துவரும் தேனீயிடமிருந்து கூட்டுக்குள் இருக்கும் தேனீக்கள் வாய்க்கு வாய் வாங்கி, நொதிகளைக் கலந்து, அறுகோண அறைகளில் மெல்லிய படலமாகப் பரப்பி, இரவெல்லாம் சிறகை விசிறி நீரை ஆவியாக்குகின்றன. நீரின் அளவு ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்த பின்னரே அறையின் வாய் மெழுகால் மூடப்படுகிறது. மூடிய அறையே முதிர்ந்த தேனின் அடையாளம். பெட்டியின் மேலடுக்கான தேன் அறையிலிருந்து சட்டங்களை எடுத்து, ஒட்டியிருக்கும் தேனீக்களை உதறி, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, கையால் சுழற்றும் எந்திரத்தில் வைத்துச் சுற்றினால் அடை உடையாமல் தேன் மட்டும் தெறித்து வெளியேறும். வெறுமையான அடை மீண்டும் பெட்டிக்கே திரும்புகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் அதைப்போல் பல மடங்கு தேனை உண்ண வேண்டியிருப்பதால், அடையைக் காப்பது அடுத்த வாரத்துத் தேனைக் காப்பதற்குச் சமம்.

ஒரு பெட்டி, ஒரு சங்கம்

மலைப்பாறையிலும் மரப்பொந்திலும் புகைபோட்டு, அடையைப் பிழிந்து, புழுவும் முட்டையும் சேர்ந்து அழியத் தேன் எடுத்த காலம் நெடியது. தேனீ தன் அடைகளுக்கிடையே எப்போதும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியைத் திறந்தே விடுகிறது என்பதை 1851-இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் கண்டறிந்து, அந்த அளவை ஒட்டித் தனித்தனியே எடுத்து வைக்கத்தக்க சட்டங்களோடு பெட்டியை வடிவமைத்ததே இன்றைய தேனீ வளர்ப்பின் தொடக்கம். இந்தியத் தேனீ ஐரோப்பியத் தேனீயைவிடச் சிறியது என்பதால் அதற்கேற்ற சிறு பெட்டியை நியூட்டன் பாதிரியார் தென்னிந்தியாவில் உருவாக்கி, 1910-களில் கிராமத்தாருக்குப் பயிற்சியும் அளித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. 1920-களில், அப்போது திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய கிராமப் புனரமைப்பு மையம் இக்கலையைச் சிறு நிலமுடையோரின் துணைத் தொழிலாக்கியது. 1937-இல் அங்கே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-இல் மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்றபோது, அதற்குப் பின்னே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழக்கம் இருந்தது.

புவிசார் குறியீடு என்பது ஒரு பொருளின் பெயரை அதன் பிறப்பிடத்தாருக்கு உரிமையாக்கும் சட்டப் பாதுகாப்பு. வேறிடத்துச் சரக்கை அந்தப் பெயரில் விற்பதை அது தடுக்கும். விலைக்கோ, அடுத்த ஆண்டுக் கூட்டின் உயிருக்கோ அது உறுதி தராது.

> பெட்டிச் செய்தி: எந்தத் தேனீ எங்கே?
>
> தமிழகத்தில் தேன் தரும் தேனீக்கள் ஐந்து வகை. பெருந்தேனீ அல்லது மலைத்தேனீ, பாறை விளிம்பிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றைப் பெரிய அடை கட்டும்; பெட்டிக்குள் அடங்காது. கொம்புத் தேனீ சிறு கிளையைச் சுற்றி உள்ளங்கை அளவு அடை வைக்கும். அதுவும் பெட்டிக்கு வராது. இருட்டான பொந்துகளில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீயே அடுக்குத் தேனீ. குமரியின் பெட்டிகளில் வாழ்வது பெரும்பாலும் இதுதான். இத்தாலியத் தேனீ எனப்படும் ஐரோப்பிய இனம் 1960-களில் வட இந்தியாவில் நிலைபெற்றுப் பின்னர் தெற்கே வந்தது. அதிகத் தேன் தரும், அதிகத் தீனியும் கேட்கும். கொட்டும் கொடுக்கு இல்லாத கொசுத் தேனீ, சுவரின் பிளவிலும் மூங்கில் குழாயிலும் வாழ்ந்து சிறிதளவு தேனையே தரும். நாட்டு மருந்துக்கு அது தேடப்படுவதால் அதன் விலை மிக அதிகம்.

சிரட்டையில் சர்க்கரைப் பாகு

சித்திரை முடிவதற்குள் இலைகள் முற்றிச் சுரப்பு நின்றுவிடுகிறது. அதன்பின் வருவது குமரியின் நீண்ட மழைக்காலம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் அந்த மாவட்டத்தில், ஆனி முதல் ஆவணி வரை தேனீக்குப் பூவும் குறைவு, பறக்க வெயிலும் குறைவு. தேனீ வளர்ப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வரும் தேன் சொட்டும் அடை ஆண்டின் கால்பகுதிக்கு உரியதே. தொழில் உண்மையில் நடப்பது எஞ்சிய மாதங்களில்.

அந்த மாதங்களில் மாலைதோறும் காணக்கூடிய காட்சி மிக எளிமையானது. சர்க்கரையையும் தண்ணீரையும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த பாகு, பாதி வெட்டிய தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றப்பட்டு, பெட்டியின் உள்ளே ஓரமாக வைக்கப்படுகிறது. பாகில் தேனீ மூழ்கிச் சாகாதிருக்க அதன் மேல் ஈர்க்குத் துண்டுகள் மிதக்கவிடப்படுகின்றன. இதைப் பகலில் செய்வதில்லை. பாகின் மணம் பரவினால் பக்கத்துப் பெட்டியின் வலிய தேனீக்கள் மெலிந்த கூட்டுக்குள் புகுந்து கொள்ளையடிக்கும் என்பதும், காவல் தேனீக்கள் வாசலிலேயே மடியும் என்பதும் ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. பாகு சிந்திய துளியைக்கூட ஈரத்துணியால் துடைத்துவிட்டே பெட்டியை மூடுவர்.

பசி மட்டுமே பகை அன்று. தாங்கும் காலைச் சுற்றி நீர் நிரப்பிய கிண்ணம் ஒரு நாள் வறண்டால் அன்றிரவே எறும்பு ஏறிவிடும். ஆட்கள் குறைந்து காவலில்லாமல் போன அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட, அதன் புழுக்கள் மெழுகைத் தின்று சிலந்திவலை போன்ற நூலால் அடையையே பின்னிப்போட்டுவிடும். குளவி வாசலுக்கு முன்னே மிதந்தபடி திரும்பிவரும் தேனீயை ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்லும். குளவி நெருங்கி இறங்கிவிட்டால் நூற்றுக்கணக்கான அடுக்குத் தேனீக்கள் அதைப் பந்துபோல் சூழ்ந்து, தசைகளை அதிரவைத்து, உள்ளே வெப்பத்தை ஏற்றி அதைக் கொல்லும். ஜப்பானில் இதே இனத்துத் தேனீயை ஆராய்ந்தவர்கள் அந்தப் பந்துக்குள் வெப்பம் 46 டிகிரி செல்சியசை எட்டுவதை அளந்துள்ளனர். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த உயிர்தான். ஆனால் பட்டினி கிடக்கும் கூட்டில் பந்து கட்ட ஆள் இருக்காது.

பொறுமை தீர்ந்தால் அடுக்குத் தேனீ இருக்காது. தீனி குறைந்தாலும், எறும்பு தொல்லை செய்தாலும், பெட்டியை அடிக்கடி திறந்தாலும் அரசியுடன் கூட்டம் முழுவதும் ஒரே பகலில் எழுந்து போய்விடும். காலையில் இரைந்த பெட்டி மாலையில் வெறும் அடைகளோடு கிடக்கும். ஐரோப்பியத் தேனீயை வளர்க்கும் நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள் இந்த ஓடிப்போகும் இயல்பைக் குறையாகக் குறிப்பிடுகின்றன. வெப்பமண்டலத்தில் பூ இல்லாத இடத்தை விட்டுப் பூ உள்ள இடத்துக்குப் பெயர்வதே அந்த இனம் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் பிழைத்த வழி என்பதை எண்ணினால், அதைக் குறை என்பது பொருந்தாது. ஆனால் பெட்டிக்கும் பாகுக்கும் செலவு செய்தவருக்கு அது இழப்பே.

புரட்டாசி கழிந்து வெயில் தெளிந்ததும் கூடு பிரிக்கும் பருவம் தொடங்குகிறது. பெருகிவிட்ட கூட்டம் தானாகப் பிரிந்து பறந்துபோவதற்கு முன், அரசி வளரும் அறைகள் அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலைபோல் தொங்குவதைக் கண்டு, பாதிச் சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றி, ஒரு கூட்டை இரண்டாக்குவர். புதிய அரசி வெளிவந்து, சில நாட்கள் கழித்து வானில் பறந்து பல ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பி முட்டையிடத் தொடங்கும்வரை இருக்கும் இரண்டு வாரங்களும் கவலைக்குரியவை. அந்த நாட்களில் ஐப்பசி மழை விடாமல் பெய்தாலோ, பஞ்சுருட்டான் குருவி அரசியைப் பிடித்தாலோ, அரசியற்ற கூட்டில் வேலைக்காரத் தேனீக்களே கருவுறாத முட்டைகளை இடத் தொடங்கும். அவற்றிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே பிறப்பதால் அந்தக் கூடு தேய்ந்து மறையும். தையில் எத்தனை பெட்டிகள் தேனுக்கு நிற்கும் என்பது ஐப்பசியிலேயே முடிவாகிவிடுகிறது.

> பெட்டிச் செய்தி: வாழைப்பழம் தின்ற கை
>
> கொட்டிய தேனீயின் கொடுக்கிலிருந்து கிளம்பும் எச்சரிக்கை மணத்தின் முதன்மைக் கூறு, பழுத்த வாழையின் மணத்திலும் உள்ள அதே வேதிப்பொருள். மட்டிப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்கக்கூடாது என்ற அறிவுரைக்கு இதுவே காரணம். கொட்டிய இடத்தில் தங்கும் கொடுக்கு சிறிது நேரம் நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே நகத்தாலோ கத்தி முதுகாலோ உடனே வழித்தெடுக்க வேண்டும். ஓரிரு கொட்டு பெரும்பாலோருக்கு வீக்கத்தோடு போய்விடும். உடல் முழுவதும் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே உயிர்காக்கும்.

பெட்டிகள் வெறுமையான ஆண்டுகள்

1991-ஆம் ஆண்டையும் அதையடுத்த ஆண்டையும் குமரியின் மூத்த தேனீ வளர்ப்போர் பஞ்ச காலத்தைச் சொல்வதுபோல் சொல்கின்றனர். தாய் பைப்புழு நோய் எனப்படும் நச்சுயிரி நோய், தாய்லாந்தில் 1976-இல் முதலில் அறியப்பட்டு, 1970-களின் பிற்பகுதியில் இந்தியாவின் வடகிழக்கிலும் தோன்றி, பிறகு தெற்கே வந்து சேர்ந்தது. கூட்டுப்புழுவாக மாறுவதற்குச் சற்று முன்னர் புழு இறந்துபோகிறது. மெழுகால் மூடப்படாத அறையில் அது தலையைத் தூக்கியபடி மல்லாந்து கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் தோல் உறுதியாகி உள்ளே நீர் நிறைந்த பைபோல் தொங்கும். நாளானால் காய்ந்து படகு வடிவச் செதிலாகிவிடும். அடுத்த தலைமுறை பிறக்காத கூடு சில வாரங்களில் வெறுமையாகிறது.

குமரியிலும் கேரளத்திலும் பத்துக் கூடுகளில் ஒன்பது என்னும் அளவுக்கு அழிந்தன. வீட்டுக் கொல்லையில் நூறு பெட்டி வைத்திருந்தவருக்குத் தேன் போயிற்று என்பதோடு துயரம் முடியவில்லை. பெட்டியும் எந்திரமும் வாங்கிய கடன் நின்றது, அடுத்த பருவத்தில் பிரித்து விற்கக் கூடும் இல்லை. பலர் தொழிலை விட்டனர். அழிவை ஈடுசெய்ய இத்தாலியத் தேனீ கொண்டுவரப்பட்டது. இந்த நச்சுயிரி அதைப் பெரிதாகத் தாக்காவிட்டாலும், வர்ரோவா என்னும் உண்ணி அதைத் தாக்கியது. அந்த உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து, அதை ஒருவர் உடலிலிருந்து மற்றவர் பொறுக்கி எறியப் பழகியது அடுக்குத் தேனீதான். அதோடு ஆண்டு முழுவதும் பெருந்தீனி கேட்கும் வெளியினத்தை மழைக்காலம் தாண்டி வைத்திருக்கச் சிறு வளர்ப்போரால் இயலவில்லை.

மீட்பு வந்தது தப்பிய கூடுகளிலிருந்தே. நோய் பரவிய தோட்டத்தில் நோயின்றி நின்ற ஒன்றிரண்டு பெட்டிகளைப் பிரித்தும், காட்டுப் பொந்துகளில் பிழைத்திருந்த கூட்டங்களைப் பிடித்தும், வளர்ப்போர் ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கையைப் பெருக்கினர். ஆய்வுக்கூடம் தராத தடுப்பாற்றலை இந்தத் தெரிவு தந்தது என்றே கூற வேண்டும். நச்சுயிரிக்கு மருந்து இன்றும் இல்லை. நோய் கண்ட அடையை அகற்றுவதும், அரசியைச் சில வாரம் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடலை நிறுத்திப் புழுவே இல்லாத இடைவெளியை உண்டாக்குவதும், ஒரு பெட்டியின் சட்டத்தை மற்றொரு பெட்டிக்கு மாற்றாதிருப்பதும்தான் வழி.

புட்டிக்குள் புகுந்த பாகு

2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் விற்கப்படும் 13 வணிகப் பெயர்களின் தேனை ஜெர்மனியில் உள்ள ஆய்வகத்தில் சோதித்து, அவற்றுள் 10 தேறவில்லை என்று அறிவித்தது. கலப்படத்தின் வரலாறே சோதனையை ஏமாற்றுவதன் வரலாறாக இருக்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலுள்ள கரியை ஏற்கும் முறை, பெரும்பாலான பூச்செடிகளின் முறையிலிருந்து வேறுபட்டது. அதனால் அவற்றின் சர்க்கரையைக் கரியின் ஓரிடத்தான்களை, அதாவது எடை மட்டும் வேறுபட்ட ஒரே தனிமத்தின் அணுக்களை அளந்து கண்டுபிடித்துவிடலாம். கலப்படக்காரர் அரிசியிலிருந்தும் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்தும் எடுத்த பாகுக்கு மாறியதும் அந்தச் சோதனை பயனற்றதாயிற்று. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு எனப்படும், தேனின் வேதிக்கூறுகள் அனைத்தையும் கைரேகைபோல் பதிவுசெய்யும் சோதனையே அதைப் பிடித்தது. ஏற்றுமதியாகும் தேனுக்கு 2020 ஆகஸ்டு முதல் அச்சோதனை கட்டாயமாக்கப்பட்டது.

மலிவான பாகு கலந்த தேன் சந்தையின் விலையை நிர்ணயிக்கும்போது, வளர்ப்போரிடம் கொள்முதல் விலையும் அதற்கேற்பத் தாழ்கிறது. இதற்கும் மேலாக, அவருடைய நேர்மையான பழக்கம் ஒன்றே ஐயத்துக்கு இடமாகிறது. ஆடியில் சிரட்டையில் ஊற்றிய சர்க்கரைப் பாகு கூட்டின் உயிர். அதே பாகின் மிச்சம் தையில் முதல் எடுப்பில் கலந்துவிட்டால் சோதனையில் அது கலப்படம். ஆகவே கவனமுள்ளவர் தளிர் கிளம்புமுன்பே பாகு கொடுப்பதை நிறுத்தி, பழைய இருப்பு கூட்டிலேயே செலவாகவிட்டு, தேன் அறையைப் பின்னரே ஏற்றுகிறார். இந்த நாட்களைப் பொறுத்திருப்பதால் அவர் இழக்கும் தேனுக்கு எந்தக் கொள்முதல் பட்டியலிலும் தனி விலை இல்லை.

ஈரமும் ஒரு சிக்கல். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பொதுவாகத் தேனில் நீர் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. குமரியின் ஈரக்காற்றில், வாரத்துக்கொரு முறை அவசரமாக எடுக்கப்படும் ரப்பர் தேன் அந்த அளவை எளிதில் தாண்டி, நாளடைவில் நுரைத்துப் புளிக்கிறது. சூடேற்றி நீரை வடிக்கலாம். சூடு மிகுந்தால் தேனின் நொதிகள் அழிவதோடு, தேன் பழையது அல்லது சூடேற்றப்பட்டது என்பதைக் காட்டும் வேதிப்பொருளும் பெருகும். அறைகளில் முக்கால் பங்காவது மெழுகு மூடும்வரை காத்திருந்து எடுப்பதே தீர்வு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதிராத தேனுக்கும் முதிர்ந்த தேனுக்கும் எடைபோட்டு ஒரே விலை தரும்வரை, காத்திருப்பவர் குறைந்த எடைக்குக் குறைந்த பணமே பெறுகிறார். நீரளவைக் காட்டும் ஒளிவிலகல்மானி உள்ளங்கையில் அடங்கும் கருவி. கொள்முதல் மேசையில் அதை வைத்து, ஈரம் குறையக் குறைய விலையை ஏற்றினால் பெருமளவு பிரச்சினை தோட்டத்திலேயே தீரும்.

> பெட்டிச் செய்தி: உறைந்த தேன், சேனைத் தேன்
>
> தண்ணீரில் சொட்டு கரையாமல் இறங்குவது, தாளில் ஊறாமலிருப்பது, எறும்பு மொய்க்காதது, நாய் முகராதது என வீடுகளில் செய்யப்படும் சோதனைகள் எதுவும் கலப்படத்தைக் காட்டா; கெட்டியாகக் காய்ச்சிய பாகும் இவற்றில் தேறிவிடும். அடியில் வெண்மணியாக உறைந்த தேனைப் பலர் சர்க்கரை கலந்தது என்று திருப்பித் தருகின்றனர். திராட்சைச் சர்க்கரை மிகுந்த தேன் உறைவது இயல்பே. ரப்பர் தேன் அவ்வாறு விரைந்து உறைவது. வெந்நீரில் புட்டியை வைத்தால் இளகும். மற்றொன்று கட்டாயம் அறிய வேண்டியது: பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போதும், ஓராண்டு நிறையும்வரையும் தேன் கொடுக்கக்கூடாது. தூய தேனிலும் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம்.

ஒரே மரத்தை நம்பிய தொழில்

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் குமரியில் ரப்பர் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. தளிர் விடச் சில வாரங்களே இருந்த நேரம் அது. புயல் எப்போதாவது வருவது. ஆண்டுதோறும் வருவது வேறு. தளிர்க்கும் நாட்களில் பனிமூட்டமும் குளிர்ச்சியும் நீடித்தால் சாம்பல் நோய் என்னும் பூஞ்சை இளந்தளிர்களை உதிர்த்துவிடும்; காலம் தப்பிப் பெய்யும் ஒரு மழை காம்பின் துளிகளைக் கழுவிவிடும். மூன்று மாதப் பருவத்தில் இரண்டு வாரம் போனால் அந்த ஆண்டின் ஆறில் ஒரு பங்கு போயிற்று என்று கொள்ள வேண்டும்.

ரப்பர் விலையும் தேனீயின் மேல் வந்து விழுகிறது. 2011-இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டியிருந்த விலை, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பால்வெட்டாமல் விட்ட மரமும் தளிர்விடும், தேன் சுரக்கும். வெட்டிச் சாய்த்த மரம் சுரக்காது. தோட்டத்தை அழித்து வேறு பயிருக்கோ மனைக்கோ மாற்றும் முடிவை எடுப்பவர் நில உரிமையாளர். அந்த நிலத்தின் நிழலில் பெட்டி வைத்திருப்பவருக்கு அந்த முடிவில் பேச்சே இல்லை. பெட்டியோடு கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கும், முருங்கையும் சூரியகாந்தியும் பூக்கும் வறண்ட மாவட்டங்களுக்கும் பெயர்வோர் உள்ளனர். வாசலை அடைத்து, இரவோடு இரவாக லாரியில் ஏற்றி, விடியுமுன் இறக்கிவிட வேண்டிய பயணம் அது; வழியில் வெயிலேறினால் அடை மெழுகு இளகி உடைந்து கூட்டமே நசுங்கிவிடும்.

பெயர்ந்து சென்ற இடத்தில் பூச்சிக்கொல்லி காத்திருக்கிறது. பூத்த பயிருக்குக் காலையில் மருந்தடித்தால் பறந்த தேனீக்கள் திரும்புவதில்லை. இமிடாக்குளோப்ரிட் போன்ற, செடி முழுவதும் ஊடுருவும் மருந்துகள் மதுவிலும் மகரந்தத்திலும் கலந்து வழிதெரியும் திறனைக் கெடுக்கின்றன. அவ்வகையில் மூன்று மருந்துகளைத் திறந்த வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. இங்கே அத்தகைய தடை இல்லை. மாலை சாய்ந்த பின் தெளிப்பது, முந்தைய நாளே பெட்டிக்காரருக்குச் சொல்வது என்ற இரண்டு பழக்கங்களாவது வந்தால் பல கூடுகள் பிழைக்கும்.

இழப்பு தேனோடு நிற்பதில்லை என்பதற்கு ஏலக்காய் நல்ல சான்று. இடுக்கி, போடி மலைகளில் ஏலப்பூ விடியலில் மலர்ந்து அன்றே வாடிவிடுகிறது. அதற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் காய். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிப்ரவரி மாதம் வாதுமை பூக்கும்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வாடகைக்கு வந்து இறங்குகின்றன. அங்கே வளர்ப்போரின் வருவாயில் பெரும்பங்கு அந்த வாடகை. தமிழகத்தில் சூரியகாந்தி வயலோரம் பெட்டி வைப்பவருக்கு, மணி திரண்டதில் பயனடைந்தவரிடமிருந்து வாடகை கிடைப்பது அரிது. நிலத்தில் இடம் கொடுத்ததே பெரிய உதவியாகக் கருதப்படுகிறது. 2020-இல் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் அறிவிக்கப்பட்ட தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் மகரந்தச் சேர்க்கையையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. பெட்டிகளை வழங்குவது எளிது. வழங்கிய பெட்டியில் மூன்றாம் ஆண்டு ஆவணியிலும் தேனீ இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதே கடினமும் தேவையுமான வேலை.

கடைசிச் சட்டம்

சித்திரைக் கடைசியில், கடைசி எடுப்பின்போது, ஒவ்வொரு பெட்டியின் முன்னும் ஒரு கணக்கு போடப்படுகிறது. தேன் அறையில் நிறைந்திருக்கும் சட்டங்களில் எத்தனையை எடுப்பது, எத்தனையை மழைக்காலத் தீனியாகத் தேனீக்கே விட்டுவைப்பது என்பதே அது. தன் தேனை உண்ட கூடு பாகு உண்ட கூட்டைவிடத் தெம்பாக ஐப்பசியை எட்டும் என்பதை வளர்ப்போர் அறிவர்; விட்டுவைக்கும் ஒவ்வொரு சட்டமும் சந்தைக்குப் போகாத பணம் என்பதையும் அறிவர். கொள்முதல் விலை நன்றாயிருந்த ஆண்டில் இரண்டு சட்டங்கள் பெட்டியிலேயே தங்குகின்றன. விலை விழுந்த ஆண்டில், கடனுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஈடாக அவையும் எந்திரத்தில் ஏறுகின்றன. வைகாசியின் முதல் மழைக்கு முன்னரே சர்க்கரை மூட்டை வாங்கப்பட்டு, சிரட்டைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்படுகின்றன.